மெட்டாஃபேசிலேயே சென்ட்ரோமியர் புள்ளி இரண்டாகத் தெரிகிறது: கோஹெசின் அறுந்துவிட்டதா?

#1 பெட்ரித்தட்டு

மொட்டுவிடும் ஈஸ்ட், ஒற்றைத் தொகுதி, 16 குரோமோசோம். 5ஆம் குரோமோசோமின் சென்ட்ரோமியரிலிருந்து (கதிரின் நுண்குழல் வந்து பிடிக்கும் இடம்) 1.4 கிலோபேஸ் தள்ளி டெட்-ஆப்பரேட்டர் வரிசை. அதில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் டெட்ஆர்-ஜிஎஃப்பி. கதிரின் துருவத்தைச் சிவப்பாகக் காட்ட எஸ்பிசி42-எம்செர்ரி. அனாஃபேசைத் தொடங்கிவைக்கும் சிடிசி20 ஜீன் மெத்தியோனின் போட்டால் அணைகிற புரமோட்டரின் கீழ் இருக்கிறது. அதை அணைத்தபின் செல் அனாஃபேசுக்குள் (சகோதரிகள் பிரிந்து போகும் கட்டம்) போக வழியில்லை, மெட்டாஃபேசிலேயே நிற்கும்; கோஹெசினை வெட்டும் நொதியைக் கட்டிவைக்கும் செக்யூரினும் சிதையாமல் இருக்கும். ஆனாலும் வைல்டு டைப்பிலேயே (கோளாறு எதுவும் இல்லாத ஸ்ட்ரெயின்) பாதிக்கு மேற்பட்ட செல்களில் பச்சைப் புள்ளி இரண்டாகத் தெரிகிறது.

கேள்விகள் மூன்று. ஒன்று, சகோதரி குரோமாட்டிடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கோஹெசின் வளையம் முன்கூட்டியே அறுந்துவிட்டது என்று இதற்குப் பொருளா? இரண்டு, ஐபிஎல்1 என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) சூட்டில் செயலிழக்கும் ஐபிஎல்1-321 ஸ்ட்ரெயினையும் எஸ்ஜிஓ1 ஜீனை நீக்கியதையும் இதோடு ஒப்பிட வேண்டுமென்றால் எதை எண்ணுவது? மூன்று, நுண்குழலைக் கலைக்கும் பெனோமில் மருந்து போட்ட பிளேட் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. ஏன்?

#2 கதிர்கோல்

முதல் கேள்விக்கு: அறுந்துவிடவில்லை. இரு பக்கமும் சரியாகப் பிடித்து இழுக்கிற செல்லில் அப்படித்தான் தெரிய வேண்டும்.

இந்த ஈஸ்டில் ஒரு கைனெட்டோகோருக்கு (சென்ட்ரோமியர்மேல் அமர்ந்து குழலைப் பிடிக்கும் புரதக் கூட்டு) ஒரே ஒரு நுண்குழல். சென்ட்ரோமியர் என்பதே சுமார் 125 பேஸ் ஜோடி நீளம்தான். அதில் சிஎஸ்இ4 என்ற தனி ஹிஸ்டோன் உள்ள ஒரேயொரு நியூக்ளியோசோம். ஒரு சகோதரியை ஒரு துருவமும் மற்றதை எதிர்த்துருவமும் இழுக்கும்போது, சென்ட்ரோமியரை ஒட்டிய டிஎன்ஏ ரப்பர் போல நீண்டு கொடுக்கிறது. சென்ட்ரோமியரைச் சுற்றி ஏறத்தாழ 10 கிலோபேஸ் வரை இந்த விலகல் பரவும். புள்ளிகளுக்கு இடையே 0.8 மைக்ரோமீட்டர் வரை இடைவெளி வரலாம். கதிரின் மொத்த நீளமே அப்போது 1.5 முதல் 2 மைக்ரோமீட்டர்தான், ஆகவே இது சின்ன இடைவெளி இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் இதை மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே காட்டின.

கோஹெசின் எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க, அதே குரோமோசோமில் யூஆர்ஏ3 இடத்தில் புள்ளி வைத்த ஸ்ட்ரெயினை எடுங்கள். அது சென்ட்ரோமியரிலிருந்து 35 கிலோபேஸ். அங்கே புள்ளி ஒன்றாகவே நிற்கும். அருகில் இரண்டு, தொலைவில் ஒன்று: இழுவிசை இருக்கிறது, பிணைப்பும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் இரண்டு என்றால்தான் கோஹெசினைச் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று. நிலையான ஒரு படத்தில் ஒற்றைப் புள்ளி தெரிந்தால் "இருபுறமும் பிடிக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். புள்ளிகள் விலகுவதும் சேர்வதுமாக மூச்சு விடும். 0.2 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால் நுண்ணோக்கி இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும். அடுத்தடுத்த பல படங்களில் ஒற்றைப் புள்ளி ஒரே துருவத்தோடு ஒட்டிக் கிடந்தால்தான் ஒருபக்கப் பிடிப்பு. நடுவில் ஆடிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. எஸ்பிசி42 இல்லாமல் இதைச் சொல்லவே முடியாது. நீங்கள் வைத்திருப்பது நல்லது.

#3 பட்டைவாசகர்

கதிர்கோல் சொன்னதோடு ஒரு சோதனை சேர்த்துக்கொள்ளுங்கள். பிணைப்பு மட்டும் எப்படி இருக்கிறது என்று தெரிய, இழுப்பவனை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். டிஎன்ஏ இரட்டிக்கும் முன் (ஜி1) செல்லை நிறுத்திவைக்கும் ஆல்ஃபா ஃபேக்டரிலிருந்து, நுண்குழலைக் கலைக்கும் நோகோடசோலுக்குள் விடுவியுங்கள், மில்லிலிட்டருக்கு 15 மைக்ரோகிராம். நுண்குழல் இல்லை, இழுப்பு இல்லை. கோஹெசின் நன்றாக இருந்தால் சென்ட்ரோமியர் புள்ளிகூட ஒன்றாகிவிடும். கோஹெசினின் எஸ்சிசி1 பகுதி சூட்டில் கெடும் எஸ்சிசி1-73 ஸ்ட்ரெயினை 37 டிகிரியில் பக்கத்தில் ஓட்டுங்கள். அதில் இரண்டாகவே நிற்கும்.

எண்ணும் முன், ஆல்ஃபா ஃபேக்டரில் நிற்கும் பூஜ்ய நிமிட மாதிரியை எடுத்து அதிலும் புள்ளிகளை எண்ணுங்கள். டிஎன்ஏ இரட்டிக்காத செல்லில் இரண்டு புள்ளி தெரிந்தால் அந்தச் செல்லில் 5ஆம் குரோமோசோம் முன்பே இரண்டு பிரதி. ஐபிஎல்1, எஸ்ஜிஓ1, பப்1 கெட்ட ஸ்ட்ரெயின்களில் இது அடிக்கடி வரும். இதைக் கழிக்காமல் வெளியே போன எண்ணிக்கைகள் எத்தனையோ.

#4 சிவப்புத்துண்டு

மூணாவது கேள்விக்கு நான் வரேன். பெனோமில் பிளேட்டுன்னாலே பாதி பேருக்கு இதே புகார்தான்.

பெனோமில் தண்ணியில கரையாது. டிஎம்எஸ்ஓ-ல மில்லிக்கு 10 மில்லிகிராம் ஸ்டாக் போட்டு வச்சுக்குங்க. மீடியா நல்லா சூடா இருக்கும்போதே, 65 டிகிரிக்குக் குறையாம, காந்தக் கம்பி சுத்திக்கிட்டே இருக்கணும், சொட்டுச் சொட்டா விடணும். எல்லாரும் பிளேட் ஊத்தற சூட்டுக்கு, அதாவது 50-55க்கு ஆறவிட்டுட்டு மொத்தமா ஊத்துவாங்க. உடனே வெள்ளையா நூல் நூலா படியும். பிளேட்ல ஒரு மூலைல 20 மைக்ரோகிராம், இன்னொரு மூலைல 5. அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வராம என்ன செய்யும்? வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்க, மணல் மாதிரி தெரிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க.

அளவு: 5, 10, 15 மைக்ரோகிராம்னு மூணு பிளேட், கூட அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட ஒண்ணு. சோதனைச்சாவடிப் புரதமான மேட்2 நீக்கினது, எஸ்ஜிஓ1 நீக்கினது ரெண்டும் 10-லயே சுருண்டுடும். வெப்பமும் முக்கியம். குளிர்ல நுண்குழல் தானாவே தளர்வா இருக்கும், அதனால 23-ல அதே அளவு மருந்து 30-ஐவிட அதிகமா கடிக்கும். ஐபிஎல்1-321-ஐ 25-லயும் வைல்டு டைப்பை 30-லயும் வளர்த்து ஒப்பிடறது அர்த்தமில்லாத வேலை. ஒரே இன்குபேட்டர்ல வைங்க.

அப்புறம், யாராவது புதுசா வந்து தமிழ்ல ஐபிஎல்1-னு தேடினா கிரிக்கெட் அட்டவணைதான் வரும். பிளாய்டி, அதாவது குரோமோசோம் தொகுதி எண்ணிக்கை, கூடுதுங்கறதைக் குறிக்கிற ஆங்கிலச் சொற்களோட முதலெழுத்து அது. 1993-ல சான், போட்ஸ்டீன் ரெண்டு பேரும் குரோமோசோம் எண்ணிக்கை எகிறிப்போற ஸ்ட்ரெயின்களைத் தேடும்போது சிக்கினது.

#5 பெட்ரித்தட்டு

நன்றி. நூல் நூலாகப் படிந்ததை அகார் கட்டி என்றே நினைத்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி இன்னும் தெளிவாகவில்லை. ஐபிஎல்1 இல்லாவிட்டால் குரோமோசோம் தவறாகப் போகும் என்று தெரியும். ஆனால் ஐபிஎல்1-321 செல்லை நோகோடசோலில் போட்டால் வைல்டு டைப் போலவே நின்றுவிடுகிறதே. சோதனைச்சாவடி (பிடிப்பு முடியும்வரை செல்லை நிறுத்திவைக்கும் ஏற்பாடு) வேலை செய்கிறது என்றால் ஏன் தவறு நடக்கிறது?

#6 கதிர்கோல்

இந்த இடம்தான் எல்லாரும் வழுக்குவது. சோதனைச்சாவடி பார்ப்பது "பிடிப்பு இருக்கிறதா" என்பதை. பிடித்த கை சரியான பக்கத்துக் கையா என்று அதற்கு நேரடியாகத் தெரியாது.

பிடிக்கப்படாத கைனெட்டோகோரில் என்ன நடக்கிறது: எம்பிஎஸ்1 என்ற கைனேஸ் என்டிசி80 என்ற கைனெட்டோகோர்ப் புரதத்தின் மேல் உட்கார்ந்து எஸ்பிசி105 என்ற இன்னொன்றின் வாலைப் பாஸ்பேட் செய்கிறது. அந்த வாலில் மெல்ட் எனப்படும் சிறு வரிசை 6 தடவை வருகிறது. பாஸ்பேட் ஏறிய இடத்தில் சாவடிப் புரதங்களான பப்3-பப்1 வந்து ஒட்டும், அதன்மேல் மேட்1-மேட்2. அங்கிருந்து மேட்2, மேட்3, பப்3 மூன்றும் சிடிசி20-ஐக் கட்டிப்போடுகின்றன. சிடிசி20 இல்லாமல் ஏபிசி (சிதைக்க வேண்டிய புரதங்களைக் குறிக்கும் கூட்டு) வேலை செய்யாது, செக்யூரினான பிடிஎஸ்1 சிதையாது, செப்பரேஸான இஎஸ்பி1 விடுபடாது, கோஹெசினின் எஸ்சிசி1 வெட்டப்படாது. 16 ஜோடியில் ஒன்றே ஒன்று பிடிபடாமல் இருந்தாலும் செல் நிற்கும்.

இப்போது இரண்டு சகோதரிகளையும் ஒரே துருவத்துக் குழல்கள் பிடித்துவிட்டன என்று வையுங்கள். இரண்டிலும் பிடிப்பு இருக்கிறது. எம்பிஎஸ்1-இன் வேலை தடைபட்டுவிட்டது. சாவடி திறந்துவிடும். எதிர்ப்பக்கம் இழுக்க ஆளில்லாததால் இழுவிசை மட்டும் இல்லை. இங்கேதான் ஐபிஎல்1 வருகிறது. இழுவிசையில்லாத பிடிப்பில் டாம்1, என்டிசி80 இரண்டையும் பாஸ்பேட் செய்து குழலை விடச் செய்கிறது (இரண்டும் குழலைப் பிடிக்கும் புரதங்கள்). விட்டதும் கைனெட்டோகோர் வெறுமையாகிறது, சாவடி மூடுகிறது, மறுபடி பிடிக்க அவகாசம் கிடைக்கிறது.

ஆகவே ஐபிஎல்1 இல்லாத செல்லில் தப்பான பிடிப்பு விடுபடாது, வெறுமையான கைனெட்டோகோரும் உருவாகாது, சாவடிக்கு மூட ஒரு காரணமும் கிடைக்காது. நோகோடசோலிலோ குழலே இல்லை, எல்லாம் ஏற்கனவே வெறுமை. அதனால் ஐபிஎல்1 இல்லாமலே நின்றுவிடுகிறது. உங்கள் இரண்டு முடிவும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

எதை எண்ணுவது என்றால்: சிடிசி20-ஐ அணைக்காமல் அனாஃபேசுக்கு விட்டு, இரண்டு புள்ளியும் ஒரே பக்கம் போன செல்களை எண்ணுங்கள். அதோடு எந்தப் பக்கம் என்பதையும் குறியுங்கள், தாயா மொட்டா. ஐபிஎல்1-321-இல் இரண்டும் மொட்டுப் பக்கமே அதிகம் போகும். காரணம், மொட்டுக்குள் போவது வழக்கமாகப் பழைய துருவம். இந்த ஈஸ்டில் கைனெட்டோகோர்கள் ஜி1-லிருந்தே பழைய துருவத்தோடு கட்டுண்டு இருக்கின்றன. சென்ட்ரோமியர் இரட்டிக்கும்போது ஓரிரு நிமிடம்தான் கழன்று மறுபடி பிடிபடும். புதிய துருவம் அப்போது பக்கத்திலேயே முதிராமல் இருக்கும், பழையதே முந்திக்கொள்ளும். வைல்டு டைப்பில் ஐபிஎல்1 இதை உடைத்துச் சரிசெய்கிறது. ஐபிஎல்1 இல்லாத செல்லில் நோகோடசோல் போட்டு எல்லாக் குழலையும் கலைத்து, பிறகு கழுவி விட்டால் இந்தப் பழைய துருவச் சார்பு போய்விடும். இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை 2002-இல் டனாகா குழுவின் கட்டுரையில் வந்தது, இன்றும் அதைவிடத் தெளிவான ஒன்று இல்லை.

#7 மூன்றுகுரோமோ

பிளவுறும் ஈஸ்ட் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் போம்பே ஈஸ்டில் குரோமோசோம் மூன்றுதான், ஆனால் சென்ட்ரோமியர் 35 முதல் 110 கிலோபேஸ், ஒரு கைனெட்டோகோருக்கு 2 முதல் 4 நுண்குழல். அதனால் ஒரே கைனெட்டோகோரை இரு துருவமும் பிடித்துக்கொள்ளும் கோளாறு இங்கே உண்டு. அனாஃபேசில் நடுவில் பின்தங்கித் தொங்கும் குரோமோசோம் அதன் அடையாளம். அதைத் தடுக்க பிசிஎஸ்1, எம்டிஇ4 என்ற கவ்வி தனியாக இருக்கிறது. மொட்டு ஈஸ்டில் ஒரே குழல் என்பதால் அந்தப் பிரச்சினையே கிடையாது. அங்கே நடுவில் ஏதாவது தொங்கினால் அது பெரும்பாலும் 12ஆம் குரோமோசோமின் ஆர்டிஎன்ஏ (ரைபோசோம் ஆர்என்ஏ ஜீன்கள் அடுக்கிய பகுதி), அதைப் பிரிக்கும் கண்டென்சினும் சிடிசி14-உம் வேலை முடிக்காதது.

#8 பிடிப்பு_விசை

கதிர்கோல் எழுதியதில் ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மேற்கோள்: "இழுவிசையில்லாத பிடிப்பில் டாம்1, என்டிசி80 இரண்டையும் பாஸ்பேட் செய்து"

இழுவிசை இல்லை என்று ஐபிஎல்1-க்கு எப்படித் தெரிகிறது? பாடநூல் விடை, தூரம். ஐபிஎல்1, ஸ்லை15, பிர்1, என்பிஎல்1 நான்கும் ஒரு குழு. பிர்1 அதை இரு சகோதரிகளுக்கு நடுவே உட்கார்த்துகிறது. இழுபட்டால் வெளிப்புற டாம்1-உம் என்டிசி80-உம் நடுவிலிருந்து விலகி, கைனேசின் கைக்கு எட்டாமல் போகும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 2013-இல் காம்ப்பெல், தேசாய் இருவரும் ஸ்லை15-இன் முன்பகுதியை நீக்கினார்கள். அந்தக் குழு நடுப்பகுதிக்குப் போக முடியாது, நுண்குழல்மேல்தான் போய் உட்காரும். ஆனாலும் செல்கள் இருதுருவப் பிடிப்பைச் சரியாகவே அமைத்தன. பிர்1 இல்லாத செல்கூட இந்த ஸ்லை15-ஓடு பிழைத்தது. தூரமே எல்லாம் என்றால் இது நடக்கக் கூடாது.

இரண்டாவது, பிடிப்புக்கே இழுவிசை உணர்வு இருக்கிறது. 2010-இல் ஈஸ்டிலிருந்து டிஎஸ்என்1 என்ற புரதத்தைப் பிடித்துக் கைனெட்டோகோரை முழுசாகப் பிரித்தெடுத்து, லேசர் பொறியில் நுண்குழல் நுனியோடு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். விசை கூடக் கூடப் பிடிப்பு நீண்டது. 5 பிகோநியூட்டன் வாக்கில் உச்சம், அதற்குமேல் குறைந்தது. கைனேஸ் எதையும் சேர்க்காமலே. விரல்பொறி விளையாட்டுப் பொம்மை இருக்கிறதே, இழுத்தால் இறுகும், தளர்த்தினால் கழலும், அதுதான். இதில் குழல் நுனியில் ஒட்டும் ஸ்டூ2-க்குப் பங்கு உண்டு.

என் கணிப்பில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. தூரக் கதையை மட்டும் கருத்தரங்குப் படத்தில் போடுவதை நிறுத்தலாம்.

#9 கதிர்கோல்

ஒத்துக்கொள்கிறேன், பாதி. 2019-இல் இரண்டு கட்டுரைகள் வந்தன: ஸ்லை15 குழுவை உட்கார்த்த பிர்1 மட்டும் இல்லை, கைனெட்டோகோரின் உள்பகுதியில் உள்ள கோமா கூட்டும் ஒரு இடம் தருகிறது. சிடிஎஃப்19, எம்சிஎம்21 அடங்கிய கூட்டு. காம்ப்பெல்-தேசாய் ஸ்ட்ரெயினில் குழு நடுப்பகுதியில் இல்லைதான். ஆனால் கோமா இருந்தது. கோமாவும் கூடப் போனால் அந்தச் செல்லுக்குத் திண்டாட்டம். ஆகவே "இடம் முக்கியமில்லை" என்று அந்தச் சோதனை சொல்லவில்லை. "நடு இடம் ஒன்றே வழி இல்லை" என்று சொல்கிறது.

#10 பிடிப்பு_விசை

அதை ஏற்கிறேன். "தூரமே எல்லாம்" என்பதற்குத்தான் என் மறுப்பு.

இன்னொரு சின்ன திருத்தம், இதைப் பலர் தலைகீழாகச் சொல்வதால்: என்டிசி80-இன் முன்வாலில் உள்ள ஐபிஎல்1 பாஸ்பேட் ஏற்றும் 7 இடங்களையும் அலனினாக (அதில் பாஸ்பேட் ஏறாது) மாற்றினாலும் மொட்டு ஈஸ்ட் சாதாரணமாக வளர்கிறது. மனிதச் செல்லில் இந்த வால் பெரிய விஷயம். ஈஸ்டில் டாம்1 கூட்டுதான் சுமை தாங்குகிறது. பத்துப் புரதம் சேர்ந்த ஒரு கூட்டு, அப்படிப் பதினாறு பதினேழு சேர்ந்து குழலைச் சுற்றி வளையமாகப் பூட்டும். குழல் நுனி சுருளும்போது அந்த வளையம் வளையல் போலப் பின்னால் தள்ளப்படும், கைனெட்டோகோரும் கூடவே போகும்.

#11 பெட்ரித்தட்டு

எஸ்ஜிஓ1 இதில் எங்கே வருகிறது?

#12 கதிர்கோல்

எஸ்ஜிஓ1-இன் பெயர் சுகோஷின். அது ஜப்பானியச் சொல், காவல் தெய்வம். மயோசிசில் கோஹெசினைக் காப்பதால் வைத்த பெயர். நம் எல்லைக் கருப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மொட்டு ஈஸ்டின் மைட்டாசிசில் அதற்கு வேறு உத்தியோகம். பப்1 கைனேஸ் ஹெச்2ஏ ஹிஸ்டோனின் 121ஆவது செரினைப் பாஸ்பேட் செய்யும். எஸ்ஜிஓ1 அதைப் பார்த்து சென்ட்ரோமியர் ஓரம் வந்து உட்காரும். பாஸ்பேட்டை நீக்கும் பிபி2ஏ-ஆர்டிஎஸ்1, கண்டென்சின், ஐபிஎல்1 குழு மூன்றையும் அங்கே சேர்க்கும். அதனால்தான் பப்1-ஐ முழுசாக நீக்கினால் மேட்2 நீக்கியதைவிட நிலைமை மோசம். பப்1-இன் கைனேஸ் பகுதியை மட்டும் வெட்டினால் நோகோடசோலில் செல் நிற்கும், குரோமோசோம் மட்டும் தவறும். சாவடியும் திருத்தமும் தனித்தனி வேலை என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

எஸ்ஜிஓ1 நீக்கிய செல் சாதாரண ஓட்டத்தில் ஓரளவு சமாளித்துவிடும். குறை வெளியே தெரிய வேண்டுமென்றால் நோகோடசோல் கழுவல் சோதனை போடுங்கள். குழல் கலைந்தால் இரு துருவமும் ஒட்டி நிற்கும். கழுவியதும் பக்கத்தில் இருப்பது எதுவோ அது பிடிக்கும், பாதிக்குப் பாதி தப்பான பிடிப்பில் தொடங்கும். வைல்டு டைப் அதிலிருந்து மீளும், எஸ்ஜிஓ1 இல்லாதது மீளாது. கழுவும்போது மையவிலக்கியில் சுற்றிக்கொண்டிராமல் வடிகட்டியில் போட்டு, எடுத்த வளர்ப்பைப் போல் பத்து மடங்கு சூடான மீடியாவை ஊற்றுங்கள். கழுவும் மீடியாவில் 1 விழுக்காடு டிஎம்எஸ்ஓ இருக்கட்டும். நோகோடசோல் சுவரில் ஒட்டாமல் போகும்.

#13 பட்டைவாசகர்

பிடிஎஸ்1 அளவை வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டையாக ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு. பத்து நிமிடத்துக்கு ஒரு மாதிரி, டிசிஏ அமிலம் போட்டுப் பிரித்தெடுப்பு. சிறு மொட்டு தெரியத் தொடங்கியதும், விடுவித்த 60-70 நிமிடம் வாக்கில், ஆல்ஃபா ஃபேக்டரைத் திரும்பச் சேருங்கள். சேர்க்காவிட்டால் முதல் சுற்று முடிந்த செல்கள் அடுத்த சுற்றுக்குள் போய்விடும், பிடிஎஸ்1 மறுபடி ஏறும். அதைப் "பிடிஎஸ்1 சிதையவில்லை, சாவடி மூடியிருக்கிறது" என்று படித்துவிடுவீர்கள். எஸ்ஜிஓ1 ஸ்ட்ரெயினில் இந்த ஒரு தவறே முடிவைத் தலைகீழாக்கும்.

ஆல்ஃபா ஃபேக்டர் அளவு: பார்1 நீக்கிய ஸ்ட்ரெயினுக்கு மில்லிக்கு 1 மைக்ரோகிராம் போதும். பார்1 இருந்தால் அது ஃபேக்டரைத் தின்றுகொண்டே இருக்கும், 10 வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு செல் பேரிக்காய் வடிவத்துக்கு வந்தபின் விடுவியுங்கள், கடிகாரத்தைப் பார்த்து அல்ல.

எஸ்சிசி1 வெட்டுப்படுவதைப் பார்க்க விரும்பினால் ஒரு பொறி. இஎஸ்பி1 இரண்டு இடத்தில் வெட்டும், 180, 268ஆவது ஆர்ஜினினுக்குப் பின்னால். பின் துண்டின் புதிய முனை நிலையில்லாதது, யூபிஆர்1 அதைக் கண்டு உடனே அழிக்க அனுப்பிவிடும். ஆகவே சாதாரண ஸ்ட்ரெயினில் வெட்டுத் துண்டு மங்கலாகத் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. "வெட்டு நடக்கவில்லை" என்று முடிவு கட்டாமல் யூபிஆர்1 நீக்கிய பின்னணியில் ஓட்டுங்கள். இரண்டு ஆர்ஜினினையும் அஸ்பார்ட்டேட்டாக மாற்றிய எஸ்சிசி1 வெட்டுப்படாது, அதை எதிர்மறைக் கட்டுப்பாடாக வைக்கலாம். உயிரோடு இருக்க அது கேலக்டோஸ் போட்டால் மட்டும் இயங்கும் புரமோட்டரின் கீழ் இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

#14 சிவப்புத்துண்டு

நுண்ணோக்கி இல்லாதவங்களுக்கு நிறப் பிளேட் முறை இருக்கு. 1985-ல ஹீட்டர் குழு போட்டது, இன்னிக்கும் அதுக்கு ஈடு கிடையாது. ஏடிஇ2-101 (ஏடிஇ2 கெட்டதால சிவப்பு நிறமி சேரும்) டிப்ளாய்டு, கூட அந்தக் கோளாறை மறைக்கற எஸ்யூபி11 ஏத்தின ஒரு உபரிக் குரோமோசோம் துண்டு. துண்டு இல்லேன்னா சிவப்பு, ஒண்ணு இருந்தா இளஞ்சிவப்பு, ரெண்டு இருந்தா வெள்ளை. பிளேட்ல முதல் பிரிவுலயே தப்பு நடந்தா காலனி பாதிப் பாதியா இருக்கும். பாதி சிவப்பு பாதி இளஞ்சிவப்புன்னா துண்டு தொலைஞ்சுது. பாதி சிவப்பு பாதி வெள்ளைன்னா ரெண்டும் ஒரே பக்கம் போச்சு. ஐபிஎல்1 கோளாறு ரெண்டாவது வகையைத்தான் கூட்டும். இரட்டிக்கறதுல கோளாறுன்னா முதல் வகை. இந்தத் தகவல் வேற எந்த மலிவான முறையிலயும் கிடைக்காது.

மீடியால அடினின் மில்லிக்கு 6 மைக்ரோகிராம். அதிகமானா நிறம் வராது. 30 டிகிரில நாலு நாள், அப்புறம் குளிர்ப்பெட்டில ஒரு வாரம், சிவப்பு ஆழமாகும். பிளேட்டுக்கு 100-150 காலனிக்கு மேல வேண்டாம், நெருக்கமா இருந்தா ஓரம் வெளுத்துத் தெரியும்.

எத்தனை காலனி எண்ணணும்? முழு நீளக் குரோமோசோம் தொலையறது லட்சம் பிரிவுக்கு ஒண்ணு மாதிரி. துண்டுக் குரோமோசோம் பத்தாயிரத்துக்கு ஒண்ணு ரெண்டு. வட்டமான சென்ட்ரோமியர் பிளாஸ்மிட் நூத்துக்கு ஒண்ணே போயிடும். அதனால பிளாஸ்மிட்ல எடுத்த எண்ணை வச்சு "குரோமோசோம் தொலையுது"ன்னு எழுதாதீங்க.

பெரிய பொறி வேற இருக்கு. மைட்டோகாண்டிரியா கெட்ட பெட்டிட் செல்லுக்குச் சிவப்பு வராது, அது வெள்ளையாவே இருக்கும். வெள்ளைப் பாதி கண்டா உடனே குதிக்காதீங்க. அதைக் குச்சியால எடுத்து கிளிசரால் பிளேட்ல கீறுங்க. வளரலேன்னா பெட்டிட், கணக்குல இருந்து எடுத்துடுங்க.

#15 பெட்ரித்தட்டு

இந்த நிற ஸ்ட்ரெயினிலேயே ஜிஎஃப்பி புள்ளியும் பார்த்துவிடலாமா? ஒரே ஸ்ட்ரெயினில் இரண்டு வேலை.

#16 கதிர்கோல்

வேண்டாம். அந்தச் சிவப்பு நிறமி தானே ஒளிரும், வேக்குவோல் முழுக்க மினுமினுக்கும். எம்செர்ரி சானலையும் விடாது. புள்ளி ஸ்ட்ரெயின் ஏடிஇ2 சரியாக உள்ளதாக இருக்கட்டும். முடியாதென்றால் வளர்ப்பில் அடினினை மில்லிக்கு 100 மைக்ரோகிராம் கூட்டுங்கள். ஒய்பிடி மீடியாவும் பின்னணி தரும், படம் எடுக்கும் முன் செயற்கை மீடியாவுக்கு மாற்றிக் செல்லை ஒட்டவைக்கும் கன்கனவாலின் பூசிய கண்ணாடியில் வையுங்கள். நிலைப்படுத்திப் பார்ப்பதென்றால் பார்மால்டிஹைடு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஜிஎஃப்பி மங்கும்.

மெத்தியோனின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிடிசி20 ஸ்ட்ரெயினை மெத்தியோனின் இல்லாத செயற்கை மீடியாவில்தான் வளர்க்க வேண்டும். ஒய்பிடியில் மெத்தியோனின் கொஞ்சம் ஏற்கனவே இருக்கும், அங்கே வளர்த்தால் முதல் நாளிலிருந்தே செல் திணறும். அணைக்கும்போது ஒய்பிடியில் 8 மில்லிமோலார், பிறகு மணிக்கு ஒரு தடவை 4 மில்லிமோலார். செல் அதைத் தின்றுவிடும். சேர்க்காமல் விட்டால் இரண்டாம் மணியில் சில செல்கள் நழுவி அனாஃபேசுக்குப் போய்விடும். அப்போது இரண்டு புள்ளி தெரிந்தால் அது இழுவிசை இல்லை, நழுவல். துருவ இடைவெளி 3 மைக்ரோமீட்டரைத் தாண்டிய செல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

#17 சிவப்புத்துண்டு

ஸ்ட்ரெயினைப் பத்தி ஒரு வார்த்தை. எஸ்ஜிஓ1, பப்1, பிர்1 நீக்கினதை எல்லாம் பிளேட்ல வாரக்கணக்கா ஓட்டாதீங்க. முதல்ல சின்னச் சின்னக் காலனியா இருக்கும், அப்புறம் ஒரு நாள் நல்லா கொழுகொழுன்னு வளரும். குணமாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, ஏதோ சில குரோமோசோம் உபரியா ஏறியிருக்கும். பெரிய காலனியைப் பொறுக்கறது இந்த ஸ்ட்ரெயின்ல பெரிய தப்பு. ஒவ்வொரு சோதனைக்கும் மைனஸ் 80-லேர்ந்து புதுசா எடுங்க, இல்லேன்னா ஹெட்டரோசைகஸ் டிப்ளாய்டை வச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் டெட்ராட் (நாலு ஸ்போர்) பிரிச்சுக்குங்க. இல்லேன்னா ஆக்சின் டெக்ரான்: இயல்பா வளரும், சோதனை அன்னிக்கு மட்டும் ஆக்சினான ஐஏஏ 500 மைக்ரோமோலார் போட்டுப் புரதத்தை அழிச்சுக்கலாம்.

#18 பட்டைவாசகர்

டெக்ரானில் ஆக்சின் போடாமலே புரதம் பாதியாகக் குறைந்திருக்கும் ஸ்ட்ரெயின்கள் உண்டு. புரதத்தில் டெக்ரான் டேக் வைத்தவுடன், ஆக்சின் இல்லாமல், 10 மைக்ரோகிராம் பெனோமில் பிளேட்டில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். வைல்டு டைப்பைவிட மெலிந்தால் டேகை வேறு முனைக்கு மாற்றுங்கள்.

#19 பெட்ரித்தட்டு

சரி, இப்படிச் செய்யப் போகிறேன். சென்ட்ரோமியர் புள்ளி, யூஆர்ஏ3 புள்ளி இரண்டிலும் வைல்டு டைப், எஸ்சிசி1-73, ஐபிஎல்1-321, எஸ்ஜிஓ1 டெக்ரான். எல்லாம் ஏடிஇ2 சரியான பின்னணி. பூஜ்ய நிமிட மாதிரி ஒவ்வொன்றுக்கும். சிடிசி20 அணைத்த தொகுதி ஒன்று, அணைக்காமல் அனாஃபேசுக்கு விட்ட தொகுதி ஒன்று. அனாஃபேசில் 200 செல், தாய் எது மொட்டு எது என்று குறித்து.

ஐபிஎல்1-321-ஐ விடுவித்தபின் 37-க்கு மாற்றவா, முன்பேயா?

#20 கதிர்கோல்

முன்பே. ஆல்ஃபா ஃபேக்டரின் கடைசி 30 நிமிடம் 37-இல் இருக்கட்டும், கழுவும் மீடியாவும் 37-இல் சூடாக்கி வைத்ததாக இருக்கட்டும். வைல்டு டைப்பும் அதே 37-க்குப் போக வேண்டும்.